ஈரம் இருக்கிற இடத்துல ஓட்டை இருக்காது

போன ஐப்பசியில மூணு நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில கொஞ்சம் வெளுத்தது. செய்யாறு போய் உரம் வாங்கி வரலாம்னு காரை எடுக்கப் போனேன். காலிச் சாக்கை வைக்க இடது பக்க முன் கதவைத் திறந்து, கீழே மேட் மேல காலை வச்சேன். சளக்குன்னு உள்ளே போச்சு. மேட்டைத் தூக்கினா, அடியில இருக்கிற நார் மெத்தை முழுக்க தண்ணி. பிழிஞ்சா ஒரு சொம்பு தேறும்.

எனக்கு வந்ததே கோபம். மழைக்கு முதல் நாள் வண்டியை எடுத்துட்டுப் போனவன் எங்கண்ணன் மகன். கண்ணாடியைச் சரியா ஏத்தாம விட்டுட்டான், சாரல் அடிச்சு உள்ளே இறங்கிடுச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். டீக்கடையில நாலு பேர் முன்னாடி நல்லா கேட்டுட்டேன். "இல்ல சித்தப்பா, ஏத்திட்டுத்தான் வந்தேன்" என்றான். "அப்ப மேட் எப்படிடா நனையும்? தண்ணி என்ன சாவி போட்டுத் திறந்துட்டா உள்ளே வந்துச்சு?" என்றேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணும் பேசலை. எழுந்து போயிட்டான். அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் எங்க வீட்டு வாசல்படி மிதிக்கலை.

இந்தப் பதிவு காரைப் பத்தினதுதான். ஆனா அந்த ஒன்றரை மாசத்தைச் சொல்லாம காரைப் பத்தி எழுத முடியலை.

வண்டி 1985 மாடல் அம்பாசிடர், மார்க் 4. வந்தவாசியில வாடகைக்கு ஓட்டிக்கிட்டிருந்தவர்கிட்ட 2001ல் வாங்கினேன். அப்ப எங்க ஊர்ல வேற கார் கிடையாது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ராத்திரி யாருக்காவது வலி எடுத்தா எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. பின் சீட்டுல ஒரு பொம்பளை படுத்துக்கிட்டு, இன்னொருத்தி தலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார இடம் இருக்கிற வண்டி அது. நான் டீக்கடையில திட்டினேனே, அந்தப் பையன் பிறக்கும்போது அவங்கம்மாவை இதே வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன்.

சென்னையில இருக்கிற என் மகன் வருஷா வருஷம் சொல்றான், "அப்பா, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க"ன்னு. இந்தத் தடவை ஈரத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரியும் அவன் பக்கம் சேர்ந்துட்டாள். "ஏங்க, மாட்டுக்கே கொட்டகை ஒழுகுது. இதுல காருக்கு வேற பார்க்கணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

வெறும் ஈரம்னா விட்டிருப்பேன். காயவச்சா போச்சு. ஆனா அம்பாசிடர்ல தரை நனைஞ்சா அது சின்ன விஷயம் இல்லைங்க. லாரி, ஜீப்புக்கெல்லாம் அடியில தனியா சேஸ்னு ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். மேல இருக்கிற கூடு துருப்பிடிச்சாலும் சட்டம் தாங்கும். அம்பாசிடருக்கு அப்படி முழுசா தனிச் சட்டம் கிடையாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டிச் செய்த வண்டி. அதுல கூடும் சட்டமும் ஒண்ணு. காலை வைக்கிற தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டித் தகடும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குது. அது துருவிப் போனா வண்டியோட முதுகெலும்பே போன மாதிரி. மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஆலையில 2014ல் உற்பத்தியும் நின்னு போச்சு. இனிமே தரை போச்சுன்னா யாராவது தகடு வெட்டி, தட்டி, பற்றவச்சுத்தான் தரணும். அந்த வேலை தெரிஞ்ச கைகளும் குறைஞ்சுக்கிட்டே வருது.

அதனால தேடணும்னு முடிவு பண்ணினேன். ஆனா தேடலை. நாம எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சேன்: அடைச்சேன்.

முதல்ல கதவு ரப்பர். இடது பக்கம் நனையுது, அதனால இடது கதவு பீடிங் ரப்பர்தான் போயிருக்கும்னு புதுசா வாங்கி ஒட்டினேன். அடுத்த மழையில முன்னைவிட அதிகமா தண்ணி நின்னுச்சு. அப்புறம் முன் கண்ணாடி. டவுன்ல ஒரு கடையில, வாயை வெட்டிப் பிதுக்கினா வினிகர் வாடை அடிக்குமே, அந்த சிலிக்கான் பேஸ்ட் ஒரு குழாய் வாங்கி, கண்ணாடி ரப்பரைச் சுத்தி கேக்குக்கு கிரீம் வைக்கிற மாதிரி வச்சேன். அடுத்த மழையிலயும் அதே தண்ணி. காசு போனது மட்டுமில்ல, பார்க்கவும் அசிங்கமாச்சு.

கார்த்திகையில ஒரு நாள் வயல்ல நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. மேல் கழனியில தண்ணி நிக்காம கீழ்க் கழனிக்குக் கசிஞ்சுக்கிட்டே இருந்தது. நண்டு வளை. விவசாயம் பண்றவங்களுக்கு இது பாலபாடம். கீழ்ப்பக்கம் தண்ணி கொப்பளிக்கிற இடத்துல சேத்தை அள்ளி அப்பினா நிக்காது. பக்கத்துல இன்னொரு இடத்துல பீச்சிக்கிட்டு வரும். மேல் கழனிக்குப் போய், வரப்போரமா குனிஞ்சு நின்னு, தண்ணி எங்க லேசா சுழிச்சுக்கிட்டு உள்ளே போகுதுன்னு பார்க்கணும். அங்க வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து மிதிச்சாத்தான் நிக்கும். உள்ளே போற இடமும் வெளியே வர்ற இடமும் நேருக்கு நேர் இருக்கவே இருக்காது. பத்தடி தள்ளிக்கூட இருக்கும்.

முப்பது வருஷமா வயல்ல இதைத்தான் செய்யறேன். கார்னு வந்ததும் ஈரம் தெரிஞ்ச இடத்துலயே சேத்தை அப்பியிருக்கேன்!

எங்க பக்கத்து ஊர்ல டிங்கர் வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். எழுபது தாண்டிட்டார். வெல்டிங் புகையில கண்ணு மங்கிப் போச்சு. அவர்கிட்ட போய் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வண்டி எந்தப் பக்கம் சரிஞ்சு நிக்குது?" என் வாசல் புங்கமரத்தடியில முன்னாடி இடது பக்கம் பள்ளம். "அப்ப எங்க ஒழுகினாலும் தண்ணி அங்கதானே வந்து நிக்கும்? குளத்துல தண்ணி இருக்குன்னா குளத்துலயா மழை பேஞ்சுது?" என்றார். எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்தது.

அவர் சொன்ன முறையை அப்படியே எழுதறேன். பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்குப் பயன்படும்.

முதல்ல எல்லாத்தையும் கழட்டிக் காயவைக்கணும். சீட், மேட், அடியில இருக்கிற நார் மெத்தை, கதவுக்கு உள்பக்கம் இருக்கிற அட்டை, எல்லாம். மெத்தை காய எனக்கு நாலு நாள் வெயில் ஆச்சு. நனைஞ்ச மெத்தையை வச்சுக்கிட்டு ஓட்டையைத் தேடினா, பழைய ஈரம் எது, புது ஈரம் எதுன்னு தெரியாது.

அடுத்து, உள்ளே தரையிலயும், டேஷ்போர்டுக்கு அடியில கை எட்டற இடத்துலயும் கோலமாவு தூவணும். அரிசி மாவு இல்ல, கல்லு மாவு. ஒரு சொட்டு விழுந்தாலும் அதுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போறப்ப என் வீட்டுக்காரி பார்த்துட்டாள். "வாசலுக்கு ஒரு நாள் போட்டிருப்பீங்களா? காருக்குள்ள கோலம் போடப் போறீங்க" என்றாள்.

மூணாவதுதான் முக்கியம். தண்ணியைக் கீழே இருந்து மேலே கொண்டு போகணும். நாம என்ன செய்வோம், கூரை மேல நின்னு வாளியால ஊத்துவோம். ஊத்தின தண்ணி கூரை, கண்ணாடி, கதவுன்னு எல்லாத்து மேலயும் வழியும். எங்க உள்ளே போச்சுன்னு எப்படித் தெரியும்? அதனால முதல்ல சக்கரத்துக்கு மேல மட்கார்டு உள்பக்கம். அப்புறம் கதவோட கீழ் விளிம்பு. அப்புறம் கதவுக் கண்ணாடி. அப்புறம் வைப்பர் இருக்கிற இடம். அப்புறம் முன் கண்ணாடி ரப்பர். கடைசியில கூரை ஓரத்துத் தண்ணிக்கால். ஒவ்வொரு இடத்துக்கும் பத்து நிமிஷம். அதுவரைக்கும் உள்ளே ஒருத்தர் டார்ச்சோட உட்கார்ந்து பார்க்கணும். ஒரு இடம் சரின்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தது.

வேகமா அடிக்கவும் கூடாது. நான் முதல்ல போர்வெல் மோட்டார் ஓஸையே பிடிச்சேன். அம்பாசிடர்ல ஒழுகாத இடமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. மழை அப்படி அடிக்காது. செடிக்கு ஊத்தற பூவாளி போதும்.

இதுக்கு ரெண்டு ஆள் வேணும். வெளியே ஒருத்தர், உள்ளே ஒருத்தர். வழக்கமா இந்த மாதிரி வேலைக்கு எனக்கு ஒத்தாசை எங்கண்ணன் மகன்தான். அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரலை. என் வீட்டுக்காரிதான் முணுமுணுத்துக்கிட்டே உள்ளே உட்கார்ந்தாள்.

மட்கார்டுல ஒண்ணும் இல்லை. கதவோட கீழ் விளிம்பு, அதுவும் காய்ஞ்சே இருந்தது. இடது கதவுக் கண்ணாடி மேல ஊத்த ஆரம்பிச்சேன். ஐந்து நிமிஷம் ஒண்ணும் இல்லை. எட்டாவது நிமிஷம் உள்ளேயிருந்து, "ஏங்க, கதவுக்குள்ளேயிருந்து வருது! கண்ணாடி வழியா இல்ல, கதவு தகட்டுல இருக்கிற ஓட்டை வழியா வருது" என்று குரல். போய்ப் பார்த்தேன். கதவோட உள்தகட்டுல, கைப்பிடி கம்பிக்காக வெட்டின சந்து வழியா தண்ணி பொங்கி, ரப்பருக்கு இந்தப் பக்கமா தரையில இறங்குது. கதவை அசைச்சா உள்ளே குடத்துல தண்ணி ஆடற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தை நான் முன்னாடியே கேட்டிருக்கேன். ரெண்டு மாசமா கதவு கனமா இருந்ததும் தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருக்கேன்.

இதை நிறைய பேர் தெரிஞ்சுக்கணும். கார் கதவுக்குள்ள தண்ணி போறது ஓட்டை இல்லைங்க. ஏறி இறங்கற கண்ணாடியை ஒட்டி எவ்வளவு நல்ல ரப்பர் வச்சாலும் கொஞ்சம் தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். அதுக்காகத்தான் கதவோட அடி விளிம்புல சின்னச் சின்ன சந்து விட்டிருப்பாங்க. மேல போன தண்ணி கீழே சொட்டிப் போயிடும். வண்டியைச் செஞ்சவங்க தண்ணியைத் தடுக்கப் பார்க்கலை. வழி விட்டிருக்காங்க. எங்க ஊர் ஏரிக்குக் கலங்கல் வச்ச மாதிரி. கரையை எவ்வளவு உசத்தினாலும் கலங்கல் இல்லாத ஏரி ஒரு நாள் உடையும்.

குனிஞ்சு கதவோட அடி விளிம்பைப் பார்த்தேன். மூணு சந்தும் அடைஞ்சிருந்தது. கருப்பா, கெட்டியா. ஆணியால குத்தினேன். தார் பெயின்ட்.

ரெண்டு வருஷம் முன்னாடி, வண்டி துருப்பிடிக்கக் கூடாதுன்னு அடிப்பக்கம் முழுக்கத் தார் பெயின்ட் அடிச்சது நான்தான். பிரஷ்ஷை எடுத்து, ஒரு இடம் விடாம, கதவு விளிம்பு வரைக்கும் பாசமா பூசினவன் நான்தான். தண்ணி போற வழியை என் கையாலேயே அடைச்சிருக்கேன். அதுக்கு மேல புது ரப்பர் ஒட்டி, உள்ளே வந்த தண்ணி கசிஞ்சு வெளியே போக இருந்த கொஞ்ச வழியையும் மூடியிருக்கேன். அதான் ரப்பர் மாத்தினப்புறம் அதிகமா நின்னிருக்கு.

பையன் கண்ணாடியை ஏத்திட்டுத்தான் வந்திருக்கான்.

ஆணியைத் திருகி மூணு சந்தையும் திறந்ததும் கதவுக்குள்ளேயிருந்து பழுப்புத் தண்ணியும், நெல்லு உமியும், புங்க இலை மக்கினதும் கொட்டுச்சு. அரை வாளி இருக்கும். என் வீட்டுக்காரி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்லை.

அதோட முடியலை. மத்த கதவுகளையும் திறந்துவிட்டுட்டு வைப்பர் பக்கம் ஊத்தினப்ப, கோலமாவுல இன்னொரு கோடு. டிரைவர் பக்கத்து வைப்பர் தண்டு உள்ளே நுழையற இடத்துல ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது காய்ஞ்சு அப்பளமா நொறுங்கிப் போயிருந்தது. தண்ணி அது வழியா இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஓடற ஒயர் கட்டைப் பிடிச்சுக்கிட்டே இடது பக்கம் போய், ஒயர் தொங்கற பள்ளத்துல சொட்டுது. வலது பக்கம் நுழைஞ்ச தண்ணி இடது பக்கம் விழுது. வாஷர் விலை ஒரு டீக்காசுதான். ஆனா இதை விட்டிருந்தா ஒரு நாள் ஒயர் இணைப்புகள் பச்சை பூத்து, ராத்திரி நடுரோட்டுல விளக்கு அணைஞ்சிருக்கும்.

முன் கண்ணாடி ரப்பர்ல ஒரு சொட்டும் இல்லை. நான் பிதுக்கின ஒரு குழாய் பேஸ்ட்டும் வீண். வீண் மட்டும் இல்ல. பெரியவர் வந்து மூங்கில் சீவலால அதைச் சுரண்டி எடுத்தப்ப, கீழ் மூலையில பெயின்ட் கொப்புளிச்சு உள்ளே துரு. அந்த வினிகர் வாடை சும்மா வர்றதில்லை, அது அமிலம். பெயின்ட் உரிஞ்ச இரும்புல பட்டா அரிக்கும். போதாததுக்கு, ஓரத்துல நின்ன தண்ணி காய வழியில்லாம உள்ளேயே மாட்டிக்கிச்சு. தரைத் தகட்டுல உள்ளங்கை அகலத்துக்குத் துரு. பெரியவர் ஸ்க்ரூடிரைவர் நுனியால குத்திப் பார்த்தார். உள்ளே போகலை. "ஒரு வருஷம் தள்ளியிருந்தா போயிருக்கும்" என்றார். சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல பெயின்ட் அடிச்சோம்.

அன்னிக்கு சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பையன் திண்ணையில உட்கார்ந்திருந்தான். "டேய், கண்ணாடி இல்லடா, கதவுச் சந்து. நான்தான் தார் பூசி அடைச்சிருக்கேன்" என்றேன். அவன், "சரி சித்தப்பா" என்றான். அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில, அதே ஆட்கள் இருக்கிறப்ப, நானே முதல்லேயிருந்து முழுக்கதையும் சொன்னேன். தார் பிரஷ் பிடிச்ச கதையைச் சொன்னப்ப அவங்க முன்னைவிடச் சத்தமா சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நாலு பேர் முன்னாடி சொன்ன பழியை அந்த நாலு பேர் முன்னாடிதானே எடுக்கணும்.

இப்ப சென்னை, கோயம்புத்தூர் பக்கமெல்லாம் பழைய அம்பாசிடர், பியட் வாங்கி வச்சுக்கிறதுல இளவட்டங்களுக்கு ஆசை வந்திருக்குன்னு மகன் சொல்றான். வாங்கப் போனா இஞ்சின் சத்தத்தைக் கேட்கறதுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கிப் பாருங்க. கதவை ஆட்டிக் காதை வையுங்க. கண்ணாடியைச் சுத்திப் புதுசா பேஸ்ட் பூசியிருந்தா, விக்கிறவருக்கு ஒழுகறது தெரியும், எங்கேன்னு தெரியலைன்னு அர்த்தம். வாங்கினப்புறம் மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி கதவு அடியில இருக்கிற சந்துகளை ஒரு குச்சியால குத்தி விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. மரத்தடியில நிறுத்தறவங்க மாசத்துக்கு ஒரு தரம் செய்யணும்.

கார் இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன். மகன் குடியிருக்கிற அடுக்குமாடி வீட்டுல கூரை மூலையில ஈரம். மேல் வீட்டுக்காரரோட ஒரு வருஷமா பேச்சு இல்லை. குழாயை யாராவது ஒவ்வொண்ணா மூடிப் பார்த்தீங்களாடான்னு கேட்டேன். இல்லையாம். ரெண்டு தடவை வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் மட்டும் அடிச்சிருக்காங்களாம். நான் என்ன சொல்றது? நானே கண்ணாடிக்கு பேஸ்ட் பூசினவன்தான்.

என் கருத்து இதுதாங்க: ஒழுகுதுன்னா முதல்ல அடைக்காதீங்க, யாரையும் திட்டாதீங்க. காயவையுங்க. கீழே இருந்து மேலே ஒவ்வொண்ணா பாருங்க. அதுக்கு ஒரு நாள் போகும். எனக்கு அந்த ஒரு நாளைச் செலவழிக்க மனசு வராம ஒன்றரை மாசம் போச்சு.

மார்கழி தொடக்கத்துல ஒரு புயல் மழை வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டுச்சு. காலையில பையன்தான் முதல்ல போய்க் கதவைத் திறந்தான். தரையில தூவின கோலமாவு அப்படியே வெள்ளையா இருந்தது. டிக்கியைத் திறந்தான். "சித்தப்பா, இங்க வலது மூலையில ஒரு கோடு இருக்கு" என்றான்.

பின் விளக்கு ரப்பரா, டிக்கி ரப்பரா, இல்ல வேற எங்கேயாவதான்னு இன்னும் தெரியாது. நெல் அறுப்பு முடியட்டும். ஒரு வெயில் நாளாப் பார்த்து, அவன் உள்ளே டார்ச்சோட, நான் வெளியே பூவாளியோட நிக்கணும்.